ஷோகன்: "போர் எங்கே?" என்று கேட்பவர்களுக்கு

ஷோகன் தொடரைப் பார்த்தவர்களிடம் எங்கள் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பேச்சுக் கொடுத்தால் பாதிப் பேர் ஒரே குறைதான் சொல்கிறார்கள்: "பத்து எபிசோடும் போர் வருது வருதுன்னு சொல்லிட்டு கடைசி வரைக்கும் காட்டலையே!" எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. போர் ஒன்பதாவது எபிசோடிலேயே நடந்து முடிந்துவிட்டது. இனி கதையெல்லாம் உடைத்துத்தான் எழுதப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொடர் 2024 பிப்ரவரியில் வந்தது, நம்ம ஊரில் ஹாட்ஸ்டாரில். ஜேம்ஸ் கிளாவெல் 1975-இல் எழுதிய நாவல்தான் மூலம். களம் 1600-ஆம் வருஷத்து ஜப்பான். பெரிய அதிபதி இறந்துவிட்டார், வாரிசோ சின்னப் பையன், ஆட்சி ஐந்து பிரபுக்கள் கையில், அதில் நாலு பேர் சேர்ந்து ஐந்தாவது ஆளான தொரானாகாவைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்கள். பெயரை மாற்றியிருந்தாலும் தொரானாகா என்பது டோகுகாவா இயேயாசுதான். 1600 அக்டோபரில் செகிகாஹாரா போரில் ஜெயித்து 1603-இல் ஷோகன், அதாவது ஜப்பானை ஆளும் படைத்தலைவர், ஆனவர். கரை ஒதுங்கும் இங்கிலீஷ் மாலுமி பிளாக்தார்னும் வில்லியம் ஆடம்ஸ் என்று நிஜமாக வாழ்ந்த ஆளை வைத்து உருவானவன்தான்.

தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கிடந்தபோது வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். சித்தப்பா விசைப்படகு டிரைவர், பாம்பன் கால்வாயில் நீவாடு, அதாவது நீரோட்டம், பார்த்துப் படகைக் கொண்டுபோகிறவர். அரண்மனைப் பேச்செல்லாம் அவருக்கு ஒட்டவில்லை. ஆனால் மூன்றாவது எபிசோடில் ஒசாகா துறையிலிருந்து தப்பிக்கிற பிளாக்தார்ன், போர்த்துக்கீசியரின் கருங்கப்பலோடு உரசுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டே அந்தக் குறுகலில் நுழைகிறான் பாருங்கள், அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவனுக்குத் தொழில் தெரியுதுடா" என்றார். அவர் வாயிலிருந்து அது சுலபத்தில் வராது.

அம்மாவுக்கோ பிளாக்தார்னைக் கடைசி வரை பிடிக்கவில்லை. காரணம் அந்தப் பறவை. வேட்டையில் கிடைத்ததை வாசலில் தொங்கவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று விளையாட்டாகச் சொல்கிறான். அது அழுகி நாறுகிறது, ஈ மொய்க்கிறது, ஊரே மூக்கைப் பொத்துகிறது, ஆனாலும் எஜமான் சொன்ன சொல் என்பதால் ஒருவரும் கை வைக்கவில்லை. கடைசியில் எடுத்துப் போட்ட தோட்டக்காரப் பெரியவரின் உயிரே போய்விடுகிறது. அந்தச் சமூகத்தில் ஒரு சொல்லுக்கு என்ன எடை என்பதை எந்த வாள்சண்டையும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

"எதுக்கெடுத்தாலும் வயித்தக் கிழிச்சுக்கிறானுங்க" என்று மச்சான் சலித்துக்கொண்டார். நம்மிடம் இல்லாததா? தன் கழுத்தைத் தானே அறுத்து நவகண்டம் கொடுத்த வீரர்களின் சிலைகள் தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் நிற்கின்றன. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விட்டதைப் புறநானூறே பாடுகிறது. எட்டாவது எபிசோடில் ஹிரோமத்சு சாகும்போது, ஆயுள்கால நண்பன் கண்முன்னே போவதைத் தொரானாகா தடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் தோற்றுவிட்டார் என்று எதிரி நம்ப வேண்டும், அதற்கு இந்தச் சாவு வேண்டும். ஹிரோயுகி சனடா அந்த இடத்தில் நடித்த மாதிரி சமீபத்தில் யாரும் நடித்து நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த ஒன்பதாவது எபிசோட். ஒசாகா கோட்டைக்குள் பிரபுக்களின் குடும்பங்களை விருந்தாளிகள் என்ற பெயரில் பிணைக்கைதிகளாக வைத்திருக்கிறார்கள். தொரானாகாவின் ஆளான மரிகோ என்ற பெண் ஒருத்தி, வெளியே போகிறேன் என்று வாசலுக்கு நடக்கிறாள். காவலர்கள் மறிக்கிறார்கள், அவளுடைய ஆட்கள் வரிசையாக விழுகிறார்கள், பிறகு அவளே ஈட்டி போன்ற ஆயுதத்தை எடுத்து மோதுகிறாள், முடியவில்லை. சரி, என் கடமையைச் செய்யவிடாததால் அந்தி சாயும்போது உயிர்விடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறாள். அவள் கத்தோலிக்கப் பெண், தற்கொலை பெரும்பாவம், அதனால் வெட்டுவதற்கு இன்னொரு கை வேண்டும். வருவதாக இருந்த பிரபு வரவில்லை, பிளாக்தார்ன் எழுந்து வருகிறான். அங்கே எங்கள் பெரியம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டார். அன்றிரவு அவள் செத்தபிறகு எதிரிக் கூட்டணியே உடைகிறது. ஒரு படை செய்ய வேண்டியதை ஒருத்தி செய்து முடித்துவிட்டாள். இதைவிடப் பெரிய போர்க்காட்சி என்ன வேண்டும்?

பாதிரியார்களும் போர்த்துக்கீசிய வியாபாரிகளும் நுழைகிற அரசியல் நம்ம கடற்கரைக்கு அந்நியமே இல்லை. பக்கத்து வேதாளையில் அந்தோணி கிரிமினாலி என்ற இயேசு சபைப் பாதிரியார் கொல்லப்பட்டது 1549-இல். முத்துக்குளித்துறையில் ஊர் ஊராகப் போன சவேரியார் ஜப்பானில் காகோஷிமாவில் இறங்கியதும் அதே வருஷம்தான். இது தெரிந்து பார்த்தால் தொடர் வேறு மாதிரி இருக்கும்.

குறையும் உண்டு. மரிகோ, பிளாக்தார்ன் காதல் என் மனதில் ஒட்டவில்லை. ஏழாவது எபிசோட் இழுவை. இரவுக் காட்சிகள் அநியாயத்துக்கு இருட்டு, போனில் பார்த்தால் யார் யாரென்றே தெரியாது, டிவியில் போடுங்கள். கட்சி மாறிக்கொண்டே இருக்கும் யாபுஷிகேவாக வரும் டடனோபு அசானோ அந்தக் குறைகளைப் பாதி மறக்கடிக்கிறார். 18 எம்மி விருது வாங்கிய தொடர். சனடாவுக்கும் மரிகோவாக வந்த அன்னா சவாய்க்கும் கிடைத்ததில் எனக்கு முழுச் சம்மதம். பெரும்பகுதி ஜப்பானிய மொழிதான், மூலக்குரலில் சப்டைட்டிலோடு பாருங்கள். முதல் இரண்டு எபிசோடில் பெயர்கள் குழப்பும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.