நிக்சி மணிக்கூட்டுக் கிற் வாங்கப் போறீங்களோ, முதல்ல அந்த டயோட்டைப் பாருங்கோ

நாலு ரியூப் நிக்சி மணிக்கூட்டுக் கிற் (கண்ணாடி ரியூப்புக்குள்ள இலக்கம் மினுங்கிற மணிக்கூடு, சாமான் தனித்தனியாத்தான் வரும், நாங்களே ஒட்டோணும்) ஒண்டு ஒன்லைன்ல எடுத்தனான், ரியூப், தபால் செலவு எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய்க்குக் கிட்ட வந்தது, யாழ்ப்பாணம் வந்து சேர மூண்டு கிழமை. எனக்கு வந்த பிரச்சினை இதை வாங்கிற ஆருக்கும் வரலாம், விளக்கத் தாளில அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, அதாலதான் எழுதுறன்.

நல்லதை முதல்ல சொல்லிடுறன். ரியூப் நாலும் ஐஎன்-12, பழைய சோவியத் சாமான், ஒரு கீறல் இல்லாம வந்தது. கண்ணாடிக்குள்ள எட்டிப் பாத்தா பத்து இலக்கமும் மெல்லிய தகட்டில ஒண்டுக்குப் பின்னால ஒண்டா அடுக்கிக் கிடக்கும், அதில 5 எண்டது உண்மையில 2ஐத் தலைகீழாக் கவிட்டு வச்சது, ஒருக்காக் கண்டிட்டா பிறகு கண் அங்கதான் போகும். போர்ட்டும் நல்ல தடிப்பு, ஈயம் வடிவாப் பிடிக்குது. ரெண்டு பின்னேரத்தில ஒட்டி முடிச்சிட்டன்.

பிரச்சினை அதுக்குப் பிறகுதான். 12 வோல்ட் அடப்டரைக் குத்தினா ரியூப் பத்தேல்லை, ரெண்டில மட்டும் அடியில செம்மஞ்சளா ஒரு மினுக்கம் வந்து வந்து போகுது. இந்த ரியூப் பத்துறதுக்கு 170 வோல்ட் மட்டில வேணும், கிற்றில எம்சி34063 சிப்பும் ஒரு மொஸ்பெற்றும் (வேகமாத் திறந்து மூடுற சுவிச் மாதிரி) சேர்ந்து 12ஐ 180 ஆக்கிக் குடுக்கோணும். ரியூப்பைக் கழட்டிப்போட்டு அளந்தன், 181 நிக்குது. கணக்கும் சரி, எத்தினை வோல்ட் வரோணும் எண்டு தீர்மானிக்க 680கே றெசிஸ்டரும் 4.7கேயும் போட்டிருக்கு, சிப் 1.25 வோல்ட்டைப் பிடிக்கிறது, பெருக்கிப் பாத்தா 182 வருது. அப்ப சப்ளை நல்லம் எண்டு முடிவு கட்டி, நாலு இரவு, இலக்கத்தைப் பத்த வைக்கிற கே155ஐடி1 சிப் நாலையும் மாத்தி மாத்திப் போட்டு, ஈயம் முழுக்கத் திருப்பி உருக்கி, அடப்டரையும் 2 அம்பியர் பெரிசா மாத்தி, ஒண்டும் சரிவரேல்லை, மொஸ்பெற் மட்டும் விரல் வைக்கேலாத சூடு.

விக்கிற ஆக்களுக்குப் படத்தோட எழுதினா, நீங்கள் ஒட்டினதில பிழை எண்டு ஒரே வரியில பதில். அந்த வரி எனக்குச் சரியாக் கோவம் தந்தது.

பேந்துதான் கஸ்தூரியார் வீதியில இருக்கிற ஒரு சின்ன எலக்ரோனிக்ஸ் திருத்தற கடைக்குக் கொண்டு போனன். அங்க இருக்கிற அண்ணை கேட்ட முதல் கேள்வி, "தம்பி, ரியூப் குத்தி வச்சுக்கொண்டு அளந்தனீரோ?" நான் இல்லை எண்டன். குத்திப்போட்டு அளந்தார், 181 எண்டது 137க்கு விழுந்து கிடக்கு. சுமை இல்லாம அளந்தா எதுவும் நல்லாத்தான் தெரியும், இது எனக்கு வாழ்நாளைக்கும் மறக்காது. பிறகு கண்ணில லென்ஸைப் பிடிச்சுக்கொண்டு டயோட்டை, கறண்டை ஒரு பக்கம் மட்டும் போக விடுற சாமானை, விளக்குப் பக்கம் திருப்பினார். போர்ட்டில யூஎஃப்4007 எண்டு அடிச்சிருக்கு, பைக்குள்ள போட்டு அனுப்பினது 1என்4007. ரெண்டும் ஒரே கறுப்பு உடம்பு, ஒரே வெள்ளிக் கோடு, எழுத்து அரிசியை விடச் சின்னன்.

"உது வீட்டுக் கறண்டுக்குப் போடுறது, செக்கனுக்கு 50 தரம் வேலை. இங்க ஆயிரக்கணக்கில திறந்து மூடோணும், மூடி முடிக்க முதல் அடுத்தது வந்திடும், கப்பாசிற்றருக்குப் போனது திரும்பி மொஸ்பெற்றுக்கு வரும்" எண்டார். கப்பாசிற்றர் எண்டது அந்த உயர் வோல்ட்டைச் சேர்த்து வைக்கிற சாமான். சூட்டுக்கும் காரணம் அதுதான், கறண்ட் திரும்பி வாறது. யூஎஃப்4007 மூட எடுக்கிறது 75 நனோ செக்கன், மற்றதுக்கு மைக்ரோ செக்கன் கணக்கில வேணும். புது டயோட் 30 ரூபா, ரெண்டு எடுத்தன், ஒட்டித் தந்ததுக்கு அண்ணை காசு வாங்கேல்லை. ரியூப்போட 180, மொஸ்பெற் இளஞ்சூடு, நாலு இலக்கமும் ஒரேயடியாப் பத்தினது. கடைக்குள்ள நிண்ட ரெண்டு பேர் கிட்ட வந்து பாத்தவை.

ஒருக்கா எனக்கு விரல்ல அடிச்சும் இருக்கு, அதால இதைக் கவனமா வாசியுங்கோ. அடப்டரைக் கழட்டினாலும் 4.7 மைக்ரோஃபரட் கப்பாசிற்றருக்குள்ள 180 வோல்ட் நிக்கும். அந்த 680கே வழியா மெல்ல வடிஞ்சு போகும், 20 செக்கன் பொறுத்து மீற்றரால அளந்து பூச்சியத்துக்குக் கிட்ட வந்தாப் பிறகுதான் தொடோணும். ஆனா அந்த 680கேயின்ர ஈயம் வடிவாப் பிடிக்காம விட்டா வடியவும் மாட்டுது, அதை விட மோசம், சிப்புக்கு எத்தினை வோல்ட் போகுது எண்டே தெரியாம ஏத்திக்கொண்டே போகும், 250 வோல்ட் கப்பாசிற்றர் வெடிக்கும். முதல் தரம் கறண்ட் குடுக்கேக்க மீற்றரை முதல்லயே கொழுவி வச்சிட்டு, முகத்தைத் தள்ளி வச்சுக் குடுங்கோ. சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடெண்டா மூடி இல்லாம மேசையில விடாதேங்கோ, கிற்றோட மூடி வராது, நான் பேர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி மாதிரிப் பிளாஸ்ரிக்) வெட்டிப் போட்டனான்.

இன்னொண்டு, ஒரு ரியூப்பில 3உம் 8உம் சேர்ந்து மங்கலாத் தெரிஞ்சது, சிப்பின்ர காலுக்கு நடுவில ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்கப் போடுற பசை) காஞ்சு கிடந்தது, பாமசியில ஸ்பிரிற் வாங்கிப் பழைய பல்லுத்தூரிகையால தேய்க்கப் போயிட்டுது.

மணிக்கூடு இப்ப ஹோல்ல நிக்குது. மணித்தியாலத்தின்ர முதல் ரியூப்பில 0, 1, 2 தவிர வேற ஒண்டும் வராது, பாவிக்காத இலக்கத்தில அழுக்குப் படிஞ்சு மங்கிப் போகும் எண்டு ஒவ்வொரு மணிக்கும் பத்து இலக்கத்தையும் ஒருக்கா ஓட விடுது, அந்த நல்ல யோசினைக்கு விக்கிறவைக்கு முழுப் புள்ளி குடுப்பன். 90களில கறண்ட் இல்லாம சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட எங்கட அப்பா, அந்த ஓட்டத்தைப் பாக்கவெண்டே எட்டு மணிக்குக் கதிரையை இழுத்துப் போடுறார்.

கிற்றுக்கு அஞ்சில மூண்டு, கடைக்கு அஞ்சுக்கு அஞ்சு. கடைக்குப் போறதெண்டா ரியூப்பைக் கழட்டாம, அடப்டரையும் கையோட கொண்டு போங்கோ.