பெட்டிக்குள் வந்த பன்றி ரூபாய்: ஒரு நாணய ஏலச் சேவையைப் பற்றி

இணையவழியாக நாணயங்களை ஏலம் விடும் ஒரு நிறுவனத்திடம் சென்ற ஆண்டு இரண்டு நாணயங்களை வாங்கினேன். இரண்டும் சான்றளிக்கப்பட்டு, சேகரிப்பாளர்கள் ‘ஸ்லாப்’ என்று சொல்லும் முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தவை. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லவரும் குறை அவர்களிடம் மட்டும் உள்ளதன்று.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மண்டபம் ஊரில் அலைபேசிச் சிக்னல் விட்டுவிட்டு வந்த அன்றுகூட ஏலம் கேட்பதில் தடங்கல் ஏற்படவில்லை. கூரியர் நான்கே நாளில் வந்தது. பெட்டியைச் சுற்றியிருந்த பஞ்சும் அட்டையும் கண்ணாடிச் சாமான் அனுப்புகிறவர்களின் கவனத்தோடு கட்டப்பட்டிருந்தன. இவற்றில் எனக்கு மனக்குறை இல்லை.

நான் கேட்ட முதல் லாட், அதாவது ஏலப் பொருள், 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். மன்னரின் அங்கியில் உள்ள யானை துதிக்கை குட்டையாகிப் பன்றியைப் போலத் தெரிந்ததால் மக்களிடம், குறிப்பாக முஸ்லிம்களிடம், எதிர்ப்பு எழுந்தது. அச்சிட்ட சுமார் 94 லட்சம் ரூபாய்களில் ஏறத்தாழ 7 லட்சம் மட்டுமே வெளியே சென்றன. மீதியில் பெரும்பகுதியை அரசு உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்தி வரைந்தது. கீழக்கரையில் கடல் வணிகம் செய்த வீடுகளின் பழைய பெட்டிகளில் எட்வர்டு ரூபாயும் விக்டோரியா ரூபாயும் கிடைக்கும், இது மட்டும் கிடைக்காது என்று என் தகப்பனார் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே கேட்டலாக்கில் ‘1911 ரூபாய், எக்ஸ்.எஃப்., சர்டிஃபைடு, அரிது’ என்ற வரியைக் கண்டதும் கொஞ்சம் நிதானம் இழந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எக்ஸ்.எஃப். என்பது தேய்மானம் குறைவு என்று சொல்லும் தரக்குறி. கமிஷன், வரி, கூரியர் எல்லாம் சேர்த்து 12,000 ரூபாயைத் தாண்டியது.

பெட்டி கைக்கு வந்த பிறகுதான் அதன் லேபிளை முழுதாகப் படிக்க முடிந்தது. அதில் ‘எக்ஸ்.எஃப்.’ என்பதை அடுத்து ‘டீடெய்ல்ஸ்’ என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் ‘மவுண்ட் ரிமூவ்டு’ என்றும் இருந்தது. அதாவது, நகையாக்குவதற்கு வைத்த வளையத்தைப் பிற்பாடு அகற்றிய நாணயம். கேட்டலாக்கில் இந்த இரண்டு சொற்றொடர்களும் இல்லை. படமும் லேபிளை வெட்டிவிட்டு நாணயத்தின் முகத்தை மட்டும் காட்டியிருந்தது. சான்று எண்ணைக் கொடுத்திருந்தால் சான்றளித்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரே நிமிடத்தில் சரிபார்த்திருப்பேன். அந்த எண்ணும் ஏலம் முடிந்து பணம் கட்டிய பிறகு வந்த ரசீதில்தான் இருந்தது.

ராமநாதபுரம் அரண்மனைப் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் வயதான பத்தர் ஒருவரிடம் பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை வெயிலில் சாய்த்து, மன்னரின் கிரீடத்துக்கு நேர் மேலே விளிம்பில் ஓர் அரிசி நீளத்துக்கு மட்டும் வெள்ளியின் நிறம் மங்கி மஞ்சளோடியிருப்பதையும், அதன் இரு பக்கமும் அரம் ஓடிய கோடுகள் சரிவாக இறங்குவதையும் காட்டினார். “தம்பி, இது மாலையில கெடந்த காசு. காது வச்சுப் பொடி ஊதியிருக்கான். அப்புறம் காதை எடுத்துட்டு அரம் போட்டுத் தேச்சிருக்கான்” என்றார். காது என்பது அந்த வளையம்; பொடி என்பது பற்றவைக்கப் பயன்படும் கலவை. பொடி வைத்துப் பேசுவது என்ற வழக்குக்கு வேறு விளக்கமும் சொல்வார்கள், ஆனால் அந்தக் கேட்டலாக்கை எழுதியவர் எதை வைத்து எழுதினார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

காசுமாலையில் கிடந்த நாணயம் என்பதால் எனக்கு அதன்மீது வெறுப்பில்லை. நம் பக்கத்தில் வெள்ளி ரூபாய்களில் எத்தனையோ அப்படித்தான் பெண்களின் கழுத்தில் இருந்து பிழைத்து வந்தவை. கேள்வி விலையைப் பற்றியது. நாணயத்தின் தேய்மானத்தை 1 முதல் 70 வரை எண்ணால் குறிக்கும் ஷெல்டன் அளவுகோல் 1949இல் வந்தது, 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்ற அமெரிக்க நிறுவனங்கள் அந்த அளவுகோலைப் பெட்டிக்குள் அடைத்து வணிகமாக்கின. கழுவியது, கீறியது, விளிம்பு அராவியது, வளையம் அகற்றியது போன்ற நாணயங்களுக்கு எண் கொடுக்காமல் ‘டீடெய்ல்ஸ்’ என்று எழுதுவதே வழக்கம். தேய்மானம் இந்த அளவில்தான் இருக்கிறது, ஆனால் சேதம் உண்டு என்பது அதன் பொருள். அந்தச் சொல் இருக்கும் ரூபாயும் இல்லாத ரூபாயும் சந்தையில் ஒரே விலைக்குப் போவதில்லை. அந்த ஒரு சொல்லை நீக்கிவிட்டு மீதியை எழுதினால், சான்று சொன்னதற்கு நேர்மாறான பொருள் வந்துவிடுகிறது.

பெட்டி இன்னொரு சங்கடத்தையும் உண்டாக்குகிறது. திறந்த நாணயமாக இருந்தால் 11.66 கிராம் எடை சரியாக இருக்கிறதா என்று தராசில் வைத்துப் பார்க்கலாம். விளிம்பின் வரிகளை விரல் நகத்தால் தடவினாலே அராவிய இடம் தெரிந்துவிடும். பெட்டிக்குள் இருப்பதை நிறுக்கவும் முடியாது, தடவவும் முடியாது. நாணயத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பற்கள் விளிம்பில் ஒரு பகுதியை மறைத்தும் விடுகின்றன. வாங்குகிறவனின் கையையும் தராசையும் பறித்துக்கொண்ட பிறகு, பார்த்ததை எழுதும் பொறுப்பு விற்கிறவருக்குக் கூடத்தான் செய்யும்.

நிறுவனத்துக்கு எழுதினேன். மூன்றாவது மின்னஞ்சலுக்குத்தான் பதில் வந்தது. ‘சான்றளிக்கப்பட்ட நாணயங்களைத் திரும்பப் பெறுவதில்லை, சான்றே அவற்றின் விவரம்’ என்று விதிமுறையை எடுத்துக்காட்டினார்கள். சான்றுதான் விவரம் என்றால் அதை முழுதாக ஏன் அச்சிடவில்லை என்று கேட்டதற்கு, கமிஷன் தொகையை மட்டும் அடுத்த ஏலத்தில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பாம்பனில் விடிகாலையில் மீன் ஏலம் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே மீனை மணலில் கொட்டியிருப்பார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பு குறைந்திருந்தால் கேட்பவர் விலையைக் குறைத்துக் கேட்பார். செவுளை மூடிக் கட்டிவைத்து ஏலம் கூறினால் அந்தக் கரையில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இரண்டாவது லாட் விஷயத்தில் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. ஒரு பக்கம் நிற்கும் உருவமும், மறுபக்கம் படுத்த காளையும் அதன் கீழே தமிழில் ‘சேது’ என்ற எழுத்தும் கொண்ட செப்புக் காசு அது. சேது என்ற சொல்லைப் பார்த்து, ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் காசு என்று இன்னும் சிலர் விற்கிறார்கள்; இந்த நிறுவனம் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளுடையது என்று சரியாகவே எழுதியிருந்தது. பிழை ஒரே சொல்லில். காளையின் திமிலருகே இருந்த வெளிறிய பச்சைப் புள்ளிகளை ‘அழகிய பச்சை பாட்டினா’ என்று வருணித்திருந்தார்கள். பாட்டினா என்பது கெட்டியாக, நகத்தில் ஒட்டாமல் இருக்கும் பழைய படலம். இதுவோ செம்புக்குள் தங்கிய குளோரைடு உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரித்துப் பொடியாக்கும் களிம்பு. சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமையாகச் சொன்னபோது அது உள்ளேயே ஊறியிருப்பது என்பதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஐப்பசி மழையில் கடற்காற்று உப்போடு வீடு முழுவதும் புகுந்தபோது பெட்டிக்குள்ளேயே பச்சைப் பொடி உதிரத் தொடங்கியது; ஸ்லாப் என்பது காற்றுப் புகாத பெட்டியன்று. கடலோரத்தில் குடியிருப்பது என் வினை என்பதையும், சான்றளித்த நாளில் களிம்பு உறங்கிக் கிடந்திருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனாலும் படத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரிந்த புள்ளியைப் புள்ளி என்று எழுதியிருந்தால், நான் அதைக் கேட்காமல் விட்டிருப்பேன், அல்லது வந்த அன்றே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் அடைத்திருப்பேன்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விவரணையின் பேரில் விற்கும் பொருள் அந்த விவரணைக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 15ஆம் பிரிவில் சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். ராமநாதபுரத்தை விட்டு நகர வேண்டியதில்லை. நான் அந்த வழிக்குப் போகவில்லை. கழித்துக்கொள்வதாகச் சொன்ன கமிஷனையும் பயன்படுத்தவில்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த இரண்டும் கூரியர் கட்டியவருக்கு.

சேது காசை வைத்துக்கொள்கிறேன். ரூபாயை விற்கப்போகிறேன். விளம்பரத்துக்கு எழுதி வைத்திருக்கும் வரி இது: ‘1911, ஒரு ரூபாய், ஐந்தாம் ஜார்ஜ். லேபிளில் எக்ஸ்.எஃப். டீடெய்ல்ஸ், மவுண்ட் ரிமூவ்டு. கிரீடத்துக்கு மேலே விளிம்பில் பொடி ஊதிய தடமும் அரம் ஓடிய கோடுகளும் உள்ளன. லேபிளின் படமும் சான்று எண்ணும் இணைப்பில்.’ இதுவரை இருவர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் பாதி விலை சொன்னார். மற்றவர் மாலைக்குத்தான் வேண்டும், காதைத் திரும்ப வைத்துத் தர முடியுமா என்று விசாரித்தார்.