இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டு சர்வர்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுப் பரணில் ஒன்பது ஆண்டுகள் ஓடிய பழைய கம்ப்யூட்டர்தான் முன்பு குடும்பத்தின் சர்வர், அதாவது எல்லோருடைய கோப்புகளையும் சேமித்து வைக்கும் கணினி. பிள்ளைகளின் படங்கள், மனைப் பத்திரங்கள், மறைந்த அப்பா பேசிய ஒலிப்பதிவுகள் எல்லாம் அதில் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஒரு நாள் அந்த டிஸ்க் டிக் டிக்கென்று சத்தமிடத் தொடங்கியது. "அப்பாவின் குரல் இருக்கிறதா, கண்ணா?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார். அன்றிரவே நகலெடுத்துவிட்டு, அடுத்த வாரம் புதிய சர்வருக்கான பாகங்கள் வாங்க எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன்.

ப்ராசஸரைப் பற்றித்தான் அதிகம் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். அந்தக் கவலைக்குத் தேவையே இருக்கவில்லை. இன்டெல் என்100 ப்ராசஸர், 16 ஜிபி ராம், கோப்புகளைச் சேமித்துப் பகிர உதவும் ட்ரூநாஸ் மென்பொருள்: எங்களுக்குத் தாராளமாகப் போதும். பழைய பெட்டி 70 வாட் இழுத்தது, அதாவது மாதம் சுமார் 50 யூனிட். புதியதற்கு 24 வாட், 17 யூனிட்டுதான்.

கவனம் வைக்க வேண்டியது டிஸ்க்கில். கடைக்காரர் மலிவாக ஒன்றைக் காட்டினார், எஸ்எம்ஆர் வகை. அதில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். டிஸ்க் பழுதாகிப் புதியது மாட்டினால், தரவை மறுபடி நிரப்பப் பல நாள் பிடிக்கலாம். கூடுதல் விலை கொடுத்து, தடங்கள் அப்படி ஏறியிராத சிஎம்ஆர் வகையில் 4 டிபி டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றில் உள்ளதே மற்றதிலும் இருக்கும்படி இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் மிரராக அமைத்தேன்.

பதினான்காம் மாதம் அது கைகொடுத்தது. மாதாந்தரச் சோதனையில் ஒரு டிஸ்க்கில் பிழைகள் தெரிந்தன. டிஸ்க் போயிற்று என்றே நினைத்தேன். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் வரி, அதாவது கேபிள் வழியே போகும்போது தரவு சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி பிழை எண்ணிக்கை, 43 காட்டியது. டிஸ்க்கில் பழுதான செக்டர் (சேமிப்புத் துண்டு) ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் கேபிளில்தான். டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன். இன்றுவரை அந்த எண் 43ஐத் தாண்டவில்லை. கெட்ட பகுதிகளை இசட்எஃப்எஸ் மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தானே சரிசெய்திருந்தது.

மிரர் இருந்தாலும் காப்பு நகல் தனியாக வேண்டும். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் ஒருசேர அழியும். அதனால் சேலத்தில் மாமா வீட்டில் ராஸ்பெரி பை என்ற சிறிய கணினி ஒன்றும் டிஸ்க்கும் வைத்திருக்கிறேன். முதல் நகலை ரயிலில் நானே மடியில் வைத்துக் கொண்டுபோனேன். இப்போது ரெஸ்டிக் என்ற காப்பு நகல் மென்பொருள் மூலம் இரவுதோறும் மாற்றங்கள் மட்டும் பூட்டிய வடிவில் போகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கோப்புறையை அங்கிருந்து திரும்ப இறக்கித் திறந்து பார்க்கிறேன்.

நான் கோட்டை விட்டது ஓரிடத்தில். நீண்ட மின்வெட்டில் யூபிஎஸ் சொல்லி சர்வர் முறையாக அணைந்தது. ஆனால் பேட்டரி தீருமுன் மின்சாரம் வந்துவிட்டதால், சர்வருக்கு வரும் மின்சாரம் அறுபடவே இல்லை; அறுந்து திரும்பினால்தான் எழும் என்பதால் அது தானாக எழவில்லை. நான் சென்னையில் இருந்தேன். சர்வரை இயக்கும் படிகளை எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டியிருந்த தாளைப் படித்து மனைவியே இயக்கிவிட்டார். அதில் ஐந்தாவது படி புரியவில்லை என்றார்; அன்று மாலையே திருத்தி எழுதினேன்.