இருபது வயசு தாண்டிய இ39: கோலாலம்பூர் வெயிலில் எதை முதலில் மாற்றுவது

பிஎம்டபிள்யூ 5 சீரிஸில் இ39 என்ற தலைமுறையின் செடான் 1995-இல் வெளிவந்து 2003-இல் நின்றது. கடைசியாக இறங்கிய காடிக்கே இருபது வயசு தாண்டிவிட்டது. கோலாலம்பூரில் இன்னமும் ஓடுகிறவற்றில், எம்54 எஞ்சின் உள்ள 525ஐ தான் வைத்துக் காப்பாற்றத் தோதானது என்பது என் முடிவு. அதற்குப் பாதிக் காரணம் சாலை வரி. 2494 சிசிக்குத் தீபகற்பத்தில் வருஷத்துக்கு 874 வெள்ளி. 2979 சிசி உள்ள 530ஐ-க்கு 2077 வெள்ளி 50 சென். மிச்சமாகும் ஆயிரத்து இருநூறு வெள்ளியை வருஷா வருஷம் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒதுக்கினாலே காடி நடுரோட்டில் நிற்காது.

மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துப் பார்ட் மாற்றும் பழக்கம் இந்த வயசுக் காடிக்கு ஒத்துவராது. பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுப்பது தூரம் மட்டும் அல்ல, சூடும் காலமும்தான். ஃபெடரல் நெடுஞ்சாலை ஜாமில் ஒரு மணி நேரம் நின்றால் மீட்டரில் சில கிலோமீட்டர்தான் ஏறும். எஞ்சின் அறையோ அந்த ஒரு மணி நேரமும் வெந்துகொண்டிருக்கும். அதனால் முதலில் பார்ட்டின் வயசைப் படியுங்கள். கூலன்ட் டேங்க் மாதிரியான பிளாஸ்டிக் பாகங்களில் பெரும்பாலும் அச்சிலேயே ஒரு சின்ன வட்டம் பதிந்திருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஓர் அம்பு, அம்பின் இரு பக்கமும் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம். அம்பு காட்டுவது மாதம். வருஷம் 02 என்று இருந்தால் அந்தப் பார்ட் காடியோடு பிறந்தது. சர்வீஸ் புத்தகம் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கூலிங் சிஸ்டத்துக்குத்தான் முதல் இடம். எம்54-இன் பிளாக், ஹெட் இரண்டும் அலுமினியம். ஒருதடவை நன்றாகச் சூடேறினால் ஹெட் வளையும், ஹெட் போல்ட் பிடித்திருக்கும் மரை பிளாக்கோடு பிய்ந்து வரும். கூலன்ட் டேங்க், அதன் மூடி, ரேடியேட்டர், மேல் கீழ் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், இரண்டு பெல்ட், அவற்றின் டென்ஷனர், ஐட்லர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். தனித்தனியாக மாற்றினால் ஒரே கூலியை நாலு தடவை கொடுக்க வேண்டிவரும். அதைவிட மோசம், புது டேங்க் போட்டதும் பிரஷர் கசியாமல் முழுசாக ஏறும். அடுத்துப் பலவீனமாக இருக்கும் பழைய ஹோஸ் வெடிக்கும்.

இந்தக் காடியின் டெம்பரேச்சர் முள்ளை நம்பாதீர்கள். சுமார் 75 டிகிரி தாண்டியதும் முள் நடுவில் வந்து நிற்கும். 110 டிகிரியை நெருங்கும்வரை அசையாது. அது நகர்ந்துவிட்டது என்றால் ஏற்கெனவே தாமதம். எழுத்துத் திரை உள்ள மீட்டராக இருந்தால் அதற்குள்ளே ஒரு டெஸ்ட் மெனு உண்டு. மீட்டர் பட்டனை அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருப்புங்கள். சேஸி எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தைக் கூட்டி, 19-ஆவது டெஸ்டில் அந்தக் கூட்டுத்தொகை வரும்போது அழுத்தினால் மெனு திறக்கும். பிறகு 7-ஆவது டெஸ்டில் கூலன்ட் சூடு டிகிரியாகவே தெரியும். தெர்மோஸ்டாட் 97 டிகிரியில் திறப்பது. தொண்ணூறுகளின் நடுவில் நின்றால் நலம். ஜாமில் நிற்கும்போது ஏறி, ஓடினால் இறங்கினால் விசிறியைப் பாருங்கள்: பெல்ட்டில் சுழலும் விசிறியின் கிளட்ச், ஏர்கான் கண்டென்சருக்கு முன்னால் இருக்கும் மின்விசிறி இரண்டையும். நெடுஞ்சாலையில் ஓடும்போதே ஏறினால் பம்ப், தெர்மோஸ்டாட், இல்லையென்றால் ரேடியேட்டர் அடைப்பு.

வேலையில் தப்பு நடக்கும் இடங்கள் சில. விசிறி கிளட்ச்சைப் பிடித்திருப்பது 32 மில்லிமீட்டர் நட்டு. அது இடது மரை, வழக்கத்துக்கு நேர் எதிராகத் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் முக்கி இழுத்து ஸ்பேனர் நழுவினால் ரேடியேட்டரில் போய்க் குத்தும். வாட்டர் பம்ப்பில் நான்கு நட்டு, இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர். நட்டைக் கழற்றியும் பம்ப் வராது, ஓ-ரிங் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கென்றே பம்ப்பில் மரையோடு இரண்டு காலி ஓட்டை விட்டிருக்கிறார்கள். இரண்டு எம்6 போல்ட்டை அதில் விட்டு, மாற்றி மாற்றிக் கால் சுற்றாகத் திருப்பினால் பம்ப் தானாக வெளியே நகரும். சுத்தியலால் தட்டி எடுப்பவரிடம் காடியை விடாதீர்கள். பம்ப் உட்காரும் அலுமினிய முகம் கீறினால் புது ஓ-ரிங்கும் ஒழுகும். ரேடியேட்டரைத் திறந்துவிட்டாலும் பழைய கூலன்ட்டில் ஒரு பங்கு பிளாக்கில் தங்கிவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் பிளாக்கிலேயே ஒரு வடிகால் போல்ட் இருக்கிறது, அதையும் திறக்க வேண்டும்.

சிஸ்டம் முழுக்கப் பிடிப்பது சுமார் பத்தரை லிட்டர். பாதி நீலக் கூலன்ட், பாதி வடிகட்டிய நீர். “இங்கே பனியா விழுகிறது, பைப் தண்ணீர் போதும்” என்று சொல்வதைக் கேட்டு எத்தனையோ நல்ல எஞ்சின்கள் போயிருக்கின்றன. கூலன்ட் உறைவதைத் தடுக்க மட்டும் வந்ததல்ல. கொதிநிலையை ஏற்றுவதும் அலுமினியம் அரிக்காமல் காப்பதும் அதுதான். ஊற்றும்போது எஞ்சின் அணைந்திருக்கட்டும், சாவி இரண்டாம் நிலையில் இருக்கட்டும், ஹீட்டரை 32 டிகிரிக்கு ஏற்றி ஏர்கான் காற்றை ஆகக் குறைவாக வையுங்கள். அப்போதுதான் ஹீட்டர் வால்வு திறந்து உள்ளே காற்று தங்காது. டேங்க் பக்கத்துக் காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து, குமிழ் நின்று கூலன்ட் மட்டும் வழியும்வரை மெதுவாக ஊற்றுங்கள். அந்தத் திருகும் பிளாஸ்டிக். கையளவு இறுக்கம் போதும். மறுநாள் காலை, எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு மட்டத்தைப் பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும். அது ஒழுகல் அல்ல, மிச்சக் காற்று வெளியேறியதுதான். நிரப்பிவிட்டு அடுத்த காலையும் பாருங்கள். மறுபடி இறங்கினால்தான் ஒழுகலைத் தேட வேண்டும்.

அடுத்தது முன்பக்க ஆட்டம். கெந்திங்கிலிருந்து இறங்கும்போது 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குவது இ39-க்குப் பழக்கமான நோய். டிஸ்கைக் கடைந்தும் டயரை பேலன்ஸ் செய்தும் பணம் போன பிறகும் நடுக்கம் இருக்கும். காரணம் பெரும்பாலும் முன்பக்க த்ரஸ்ட் ஆர்ம் புஷ், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மின் முனையில் உள்ள ரப்பர். அந்த ரப்பருக்குள்ளே எண்ணெய் அடைத்திருக்கும். ரப்பர் கிழிந்தால் கருப்பாகக் கசிந்து ஆர்ம் மேல் தூசியோடு ஒட்டியிருக்கும். கீழே குனிந்து டார்ச் அடித்தாலே தெரியும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். 525ஐ மாதிரி ஆறு சிலிண்டருக்கும் வி8-க்கும் ஆர்ம் வேறு, ஸ்டியரிங் அமைப்பே வேறு. கடையில் “இ39 ஆர்ம்” என்று மட்டும் கேட்டால் தப்பானது கைக்கு வரலாம்.

புது புஷ் சீக்கிரமே கிழிந்தால் பார்ட்டைக் குறை சொல்வதற்கு முன் மாட்டிய விதத்தைக் கேளுங்கள். காடி லிஃப்டில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுசாக இறுக்கினால், காடி தரையில் இறங்கிய நிமிஷமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அதன் பிறகு ஒவ்வொரு குழிக்கும் இன்னும் முறுக்கும். போல்ட்டை லேசாக வைத்து, சக்கரம் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போது கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். ஃபோமனிடம் (மெக்கானிக்கிடம்) கூச்சப்படாமல், “அண்ணே, கீழ இறக்கி வெயிட் குடுத்துட்டு டைட் பண்ணுங்க” என்று சொல்லிவிடுங்கள். பிறகு அலைன்மென்ட் கட்டாயம். எண்ணெய் இல்லாத பாலியூரித்தேன் புஷ் நெடுநாள் தாங்கும், ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரியும். தினசரி ஓட்டும் சொகுசுக் காடிக்கு அதை நான் சொல்லமாட்டேன். புஷ் மாற்றியும் நடுங்கினால் ரிம்மைப் பாருங்கள். ரிம்மின் நடு ஓட்டை உட்காரும் ஹப் இ39-இல் 74.1 மில்லிமீட்டர், மற்ற பல பிஎம்டபிள்யூ 72.6. வெளி ரிம்மில் சரியான வளையம் இல்லாவிட்டால் சக்கரம் நடுவில் உட்காராது.

எண்ணெய் குறைகிறது, ஐட்லிங் தடுமாறுகிறது என்றால் உடனே பிஸ்டன் ரிங் என்று முடிவு கட்டாதீர்கள். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் தூக்கிப் பாருங்கள். பலமாக உறிஞ்சிப் பிடித்தால் இன்டேக்குக்குக் கீழே இருக்கும் எண்ணெய்ப் பிரிப்பான் வால்வின் சவ்வு கிழிந்திருக்கிறது. வால்வும் நான்கு ஹோஸும் ஒன்றாக மாற்ற வேண்டும். பழைய ஹோஸ் தொட்டாலே பிஸ்கட் மாதிரி நொறுங்கும். பஞ்சு உறை சுற்றிய வகை பனி நாட்டுக்கானது, இங்கே சாதாரண வகையே போதும். ஏர்கான் வழியே எண்ணெய் கருகும் வாடை வந்தால் வால்வ் கவர் கேஸ்கட். எண்ணெய் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட்டும் ஒழுகும். சின்னத் துண்டுதான், ஆனால் அதன் எண்ணெய் கீழே ஆல்டர்னேட்டரிலும் பெல்ட்டிலும் இறங்கும். பெல்ட் மாற்றும் நாளிலேயே அதையும் முடித்துவிடுங்கள்.

ஆட்டோ கியர்பாக்ஸில் இரண்டு வகை வந்திருக்கிறது, இரண்டுக்கும் எண்ணெய் வேறு. கியர்பாக்ஸில் இருக்கும் தகட்டைப் படிக்காமல் யாரையும் ஊற்ற விடாதீர்கள்.

பார்ட் வாங்கும்போது மாடல் பெயர் போதாது. சேஸி எண்ணின் கடைசி ஏழு எழுத்தைக் கொடுத்து 11 இலக்கப் பார்ட் நம்பரை எடுங்கள். ஆர்முக்கு லெம்ஃபோர்டர், கேஸ்கட்டுக்கு எல்ரிங் வாங்கினால் நிம்மதி. லெம்ஃபோர்டர் ஆர்மில் பிஎம்டபிள்யூ சின்னம் இருந்த இடம் தேய்த்து அழித்திருப்பதைப் பார்த்துப் போலி என்று பயப்பட வேண்டாம். கம்பெனிக்குச் செய்து கொடுப்பவரே சின்னத்தை எடுத்துவிட்டு விற்பதால் அப்படி. வெட்டிய பழைய காடிகளின் பார்ட் விற்கும் ஹாஃப்கட் கடைக்குக் கதவு, கண்ணாடி, சீட், சுவிட்ச், லைட்டுக்குப் போங்கள். ரப்பரும் கூலிங் பிளாஸ்டிக்கும் அங்கே எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்; உங்களுடையதைப்போல அதற்கும் இருபது வயசு.

கடைசியாக மழை. பெருமழைக்குப் பிறகு கால்மிதி ஈரமாக இருந்தால் கண்ணாடி ரப்பரைக் குறை சொல்வார்கள். கதவின் உள்பலகையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் நீர்த்தடுப்புத் தாளின் பசை வெயிலில் செத்து, கீழ் ஓரம் பிரிந்து தொங்கும். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் தண்ணீர் அந்த இடுக்கில்தான் காடிக்குள் வருகிறது. பழைய பசையை முழுசாகச் சுரண்டி, பியூட்டைல் பட்டி வைத்து நாலு கதவையும் ஒட்டுங்கள். சிலிக்கோன் வேண்டாம், அடுத்த தடவை கழற்றும்போது தாள் கிழியும். ஒட்டி முடித்ததும் உள்பலகையை மாட்டாமலே கண்ணாடி மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் கதவின் அடி ஓட்டை வழியாக மட்டும் வெளியே வடிந்தால் பலகையை மாட்டலாம்.