ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் கேம்பர் வண்டி எடுக்கிறவர்கள் ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்துக்கு, உலுரு என்கிற பெரிய பாறையின் பக்கமாக, கேம்பிங் போகத் திட்டமிடுகிறவர்கள் வண்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன ஜூலை பள்ளி விடுமுறையில் மெல்பர்னில் இருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு விமானத்தில் போய், அங்கே ஒரு வாடகை நிறுவனத்தில் ஹைலக்ஸ் ஃபோர் வீல் டிரைவ் எடுத்தோம். மேலே ஒரு கூடாரம், தரையில் போட இன்னொன்று. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், கோயம்புத்தூரில் இருந்து வந்திருந்த மச்சான். பணத் தகராறு இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைவிட அவர்கள் செய்யும் முறைதான் முக்கியம், அது ஒரு நிறுவனத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை.

எங்கள் வழி ரெட் சென்டர் வே என்று எல்லோரும் போகிற வழிதான். வெஸ்ட் மெக்டொனல் மலைகள், ஆர்மிஸ்டன் கார்ஜ், ஹெர்மன்ஸ்பர்க், அங்கிருந்து மெரீனி லூப் என்கிற ரோட்டில் கிங்ஸ் கேன்யன், அப்புறம் உலுரு. திரும்பும்போது எர்ல்டண்டா வழியாக ஸ்டூவர்ட் ஹைவே. இதில் மெரீனிதான் கடினமான பகுதி. பழங்குடி மக்களின் நிலம் வழியாகப் போவதால் பெர்மிட் வாங்க வேண்டும், வழியில் கூடாரம் போட அனுமதி இல்லை, செல்போன் சிக்னலும் கிடையாது. மண்ணும் சரளையுமாக, குறுக்கே அலை அலையாக எழும்பி நிற்கும் ரோடு. வண்டியில் எந்த நட்டு தளர்ந்திருந்தாலும் அங்கே தெரிந்துவிடும்.

கவுண்ட்டரில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். இணையத்தில் பார்த்த வாடகை வேறு, அங்கே போனதும் வந்த பேச்சு வேறு. கூடுதல் கவர், அதாவது சேதக் காப்பு, எடுக்காவிட்டால் எந்தச் சேதத்துக்கும் முதல் 7,500 டாலர் நம் பொறுப்பு, அந்தத் தொகையை கார்டில் பிடித்து வைப்போம் என்றார்கள். ஒரு நாளுக்கு 62 டாலர் கூடக் கட்டினால் 'முழு கவர்', நம் பொறுப்பு பூஜ்யம். கட்டினேன். கட்டுவதற்கு முன் நேராகவே கேட்டேன், மெரீனி மண்ரோட்டில் இது செல்லுமா என்று. "தாராளமாகப் போங்கள், அதற்குத்தானே இந்த வண்டியைக் கொடுக்கிறோம்" என்றார் அந்தப் பையன். டேப்லெட்டில் கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். முழு ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது நாங்கள் ஊரைத் தாண்டிய பிறகு.

அந்த ஒப்பந்தத்தில் 'முழு கவர்' எதையெல்லாம் விட்டுவிடுகிறது தெரியுமா? டயர் இல்லை. வண்டியின் அடிப்பாகம் இல்லை. கூரை இல்லை. தண்ணீர் புகுந்தால் இல்லை. வேறு வண்டி சம்பந்தப்படாமல் தானாகக் கவிழ்ந்தால் இல்லை. ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டினால் மொத்த கவரும் ரத்து. பாலைவனத்தில் ஒரு வண்டிக்கு வரக்கூடிய சேதம் எதுவோ அதை எல்லாம் எடுத்துவிட்டு, மிச்சத்துக்குக் காசு வாங்குகிறார்கள்.

முதல் இரவு ஆர்மிஸ்டனில் ஃபிரிட்ஜ் நின்றுபோனது. அதற்கென்று இருந்த இரண்டாவது பேட்டரி செத்திருந்தது. குளிர்காலத்துக்கானது என்று கொடுத்த தூக்கப் பைகள் மெல்லிசு. ஜூலையில் அந்தப் பக்கம் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். பிள்ளைகள் எங்கள் ஸ்வெட்டர்களையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு படுத்தார்கள். இதெல்லாம் சகித்துக்கொள்ளக்கூடியது. அடுத்தது அப்படி இல்லை.

மெரீனியில் பாதி தூரம் தாண்டியபோது பின் டயர் கிழிந்தது. ஹைலக்ஸில் ஸ்டெப்னி பின்னால் அடியில் ஒரு சங்கிலியில் தொங்கும். பம்பர் பக்கத்து ஓட்டை வழியாக நீளக் கம்பி ஒன்றை விட்டுத் திருகினால்தான் கீழே இறங்கும். ஜாக்கி இருந்தது, ஸ்பேனர் இருந்தது, அந்தக் கம்பி மட்டும் இல்லை. சீட்டுக்குப் பின்னால், கருவிப் பைக்குள், படுக்கைக்கு அடியில் என்று மச்சான் வண்டியையே கலைத்துப் போட்டுத் தேடினார். கண் முன்னால் ஸ்டெப்னி தொங்குகிறது, கையில் எடுக்க வழியில்லை. சாட்டிலைட் போன் வாடகைக்குக் கேட்டபோது எல்லாம் வெளியே போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள். இருபது லிட்டர் கேன் இரண்டில் தண்ணீர் வைத்திருந்தோம். வண்டியை விட்டு யாரும் நகரக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நிழல் பக்கமாக உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் உயிரை விட்டவர்கள் பலர் வண்டியை விட்டு நடக்கத் தொடங்கியவர்கள்.

வெகுநேரம் கழித்துப் பழைய லேண்ட் குரூசரில் இரண்டு பேர் வந்தார்கள், ஹெர்மன்ஸ்பர்க் பக்கத்து பழங்குடிக்காரர்கள். நிற்கிற வண்டியைப் பார்த்தால் நிறுத்திக் கேட்டுவிட்டுப் போவது அங்கே வழக்கம். பெரியவர் ஒரு வார்த்தையும் கேட்காமல் மண்ணில் படுத்து அடியில் பார்த்துவிட்டு, தன் வண்டியில் இருந்து கம்பி கொண்டுவந்து ஸ்டெப்னியை இறக்கினார். இறக்கியதும் அவரே பக்கவாட்டைத் தேய்த்து எண்ணைக் காட்டினார். டயரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கம், தயாரித்த வாரமும் வருஷமும். எங்கள் ஸ்டெப்னியில் இருந்தது 1114. அதாவது 2014-ஆம் வருஷத்தின் 11-வது வாரம். ரப்பர் முழுக்க வெடிப்பு. மற்ற மூன்று டயர்களின் காற்றையும் அவர் கொஞ்சம் இறக்கிவிட்டார், சரளை ரோட்டில் அப்படித்தான் ஓட்ட வேண்டுமாம். வண்டி கொடுத்தவர்கள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்தப் பெரியவரோ எவ்வளவு கெஞ்சியும் பணம் வாங்கிக்கொள்ளவில்லை. கிங்ஸ் கேன்யன் போகும் திருப்பம் வரை மெதுவாகப் பின்னாலேயே வந்துவிட்டுப் போனார்கள். அந்த இருவருக்கும் என் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

கிங்ஸ் கேன்யனில் இருந்து நிறுவனத்தின் 24 மணிநேர உதவி எண்ணைக் கூப்பிட்டேன். டயர் கவரில் வராது, புது டயர் 480 டாலர், கொண்டுவந்து தர 690 டாலர் என்றார்கள். கம்பி இல்லாததைச் சொன்னதும், "எடுக்கும்போது சரிபார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு" என்று பதில். எனக்கு ஆத்திரம் வந்தது அதற்கு அடுத்த பேச்சில்தான். டயர் உலுரு பக்கத்து ஊரான யூலாராவுக்கு வரும், நாங்கள் சொல்கிற நேரத்துக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கிங்ஸ் கேன்யனில் இருந்து யூலாரா சுமார் 300 கி.மீ. வெடிப்பு விழுந்த ஸ்டெப்னியோடு மெதுவாக ஓட்டி அந்த நேரத்துக்குள் சேர வேண்டுமென்றால் இருட்டில்தான் ஓட்ட வேண்டும். இருட்டில் ஓட்டினால் கவர் ரத்து. அந்த விதிக்குக் காரணம் நியாயமானதுதான். கங்காரு, மாடு, காட்டு ஒட்டகம் எல்லாம் ரோட்டில் நிற்கும். ஆனால் விதியை எழுதியவர்களே அதை மீறும்படியான நேரத்தைக் கொடுக்கிறார்கள். நாங்கள் விடியற்காலையில் ரோடு நன்றாகத் தெரியும் வரை காத்திருந்து கிளம்பினோம். எந்த நேரத்துக்கு வரச் சொன்னார்கள் என்பதை எழுத்தில் அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கி வைத்தேன். அது பிறகு உதவியது.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது ஒருவர் டார்ச் லைட்டோடு அடியில் நுழைந்து, கீறல் இருக்கிறது என்று போட்டோ எடுத்தார். இரண்டு நாள் கழித்து கார்டில் 2,640 டாலர் எடுத்திருந்தார்கள், அடிப்பாகச் சேதம் என்று. அதன் மேல் 75 டாலர் நிர்வாகக் கட்டணம். முன்பின் எங்களைக் கேட்கவில்லை.

இனி சட்டம். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் 2011 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகைக்குத் தரும் பொருளுக்கும் அது பொருந்தும். பொருள் தரமாக இருக்க வேண்டும், எந்த வேலைக்கென்று நாம் சொல்லி வாங்கினோமோ அதற்கு லாயக்காக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. ஒருதலைப்பட்சமான விதிகளை அச்சடித்த ஒப்பந்தத்தில் வைப்பதற்கு 2023 நவம்பர் 9 முதல் அபராதமும் உண்டு. ஏ.சி.சி.சி. என்கிற மத்திய நுகர்வோர் அமைப்பு தனித்தனிப் புகார்களைத் தீர்த்துவைக்காது, அங்கே எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அந்தந்த மாநிலத்து நுகர்வோர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருப்பது நார்தர்ன் டெரிட்டரியில் என்பதால், எங்களுக்கு நார்தர்ன் டெரிட்டரி கன்ஸ்யூமர் அஃபேர்ஸ்.

நான் நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி: எங்களிடம் கொடுப்பதற்கு முன் அதே அடிப்பாகத்தை எடுத்த தேதியிட்ட போட்டோ எங்கே? அவர்களிடம் இல்லை. ஒப்படைக்கும் தாளில் வண்டியின் நான்கு பக்கமும் மேலும் மட்டும்தான் படமாக இருந்தது, அடிப்பாகத்துக்கு இடமே இல்லை. கூடவே வங்கியிலும் அந்தத் தொகையை மறுத்து மனு கொடுத்தேன். 2,715 டாலரும் திரும்பி வந்தது, மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லாமல்.

நீங்கள் போகிறீர்கள் என்றால், சாவி வாங்கிய இடத்திலேயே ஸ்டெப்னியைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். அவர்களே இறக்கிக் காட்டட்டும். கம்பி இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். மண்ரோடு போகிறீர்கள் என்றால் இரண்டு ஸ்டெப்னி கேளுங்கள். போனை அடியில் நீட்டி முழுக்க வீடியோ எடுத்து, அங்கேயே அவர்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். எந்த ரோட்டில் போகப் போகிறோம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஒப்பந்தத்தை முந்தின நாளே அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் வேறு இடம் பாருங்கள். சாட்டிலைட் போன் இல்லை என்றால் பி.எல்.பி. என்கிற, ஆபத்தில் உதவி கேட்டு சிக்னல் அனுப்பும் அவசர பீக்கன் ஒன்றை வேறெங்காவது வாடகைக்கு எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதில் சமரசமே செய்யாதீர்கள்.

டயருக்கும் அதைக் கொண்டுவந்ததற்கும் எடுத்த 1,170 டாலர் இன்னும் வரவில்லை. டயர் விதிவிலக்கு என்று அதே பல்லவியைப் பாடுகிறார்கள். 2014-இல் செய்த, இறக்கவே முடியாத ஸ்டெப்னியைக் கொடுத்துவிட்டு அந்த விதியைக் காட்ட முடியுமா என்பதைக் கேட்க, டெரிட்டரியின் சிவில் அண்ட் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ட்ரிப்யூனல் என்கிற தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். அந்த நான்கு இலக்க எண்ணை மச்சான் எடுத்த போட்டோதான் மனுவின் முதல் இணைப்பு.