4,200 வெள்ளி வாங்கிட்டு அப்பாவோட புற்றுநோயைக் கோட்டை விட்டுட்டாங்க

பினாங்கு மக்களே, சாப்பாடு நெஞ்சுல நிக்குதுன்னு வீட்டுல யாராவது சொன்னா இதைப் படிச்சிட்டு அப்புறம் காசைக் கட்டுங்க. பேர் போடல. தீவுப் பக்கம் இருக்கிற ஒரு தனியார் வயிறு, குடல் சிகிச்சை மையம், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு 64 வயசு. தீபாவளிக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சது. முதல்ல சோறு இறங்கல, பிறகு சாம்பார்ல ஊறின தோசைகூட இறங்கல, கடைசியில கஞ்சித் தண்ணிதான். பெல்ட்டுல ஆணியால புது ஓட்டை போட்டுக்கிட்டார்.

அந்த மையத்து டாக்டர் நல்ல தமிழ்ல பேசினார். பேரியம் குடிக்க வெச்சு எடுத்த எக்ஸ்ரேயைத் திரையில காட்டி, "பாருங்கய்யா, உணவுக்குழாய் அடியில குருவி மூக்கு மாதிரி ஒடுங்கியிருக்கு. இது அக்கலேசியா. வால்வு தளர மாட்டேங்குது, பலூன் விட்டு விரிச்சா போதும். கேன்சரெல்லாம் இல்ல"ன்னு அப்பா தோள்ல கை வெச்சார். அம்மா அங்கேயே அழுதுட்டாங்க. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் 4,200 வெள்ளியை கவுண்டர்ல கட்டினோம். ஸ்கோப் (வாய் வழியா விடுற கேமரா குழாய்), பலூன் எல்லாம் சேர்ந்த பேக்கேஜாம்.

கொஞ்ச நாள் கஞ்சி இறங்குச்சு. அப்புறம் அதுவும் நின்னுச்சு. போன் பண்ணா "வீக்கம் வடியணும், பொறுங்க". நேர்ல போனா "டாக்டர் லீவு". வாட்ஸ்அப்ல நீல டிக் விழும், பதில் வராது. ரிப்போர்ட்டுக்குத் தனியா காசு கேட்டாங்க. 4,200 வெள்ளி வாங்கின இடம்!

அரசாங்க ஆஸ்பத்திரியில ஐஞ்சு வெள்ளி சீட்டு. அங்க இருந்த லேடி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை மாசத்துல எத்தனை கிலோ குறைஞ்சீங்க?" 11 கிலோ. ஸ்கோப்பை வயித்துக்குள்ள விட்டு, மேல் பக்கமா திருப்பிப் பார்த்து, பரிசோதனைக்கு ஆழமா சதை எடுத்தாங்க. சிடி ஸ்கேனும் எடுத்தாங்க. இரைப்பையோட மேல்வாயில புற்றுநோய். உள்தோலுக்கு அடியிலேயே பரவி நரம்பைப் பிடிச்சிருக்கு. அதனால மேலோட்டமா பார்த்தா ஒண்ணும் தெரியாது, எக்ஸ்ரேயும் அச்சு அசலா அக்கலேசியா மாதிரியே இருக்கும். போலி அக்கலேசியாங்கிறாங்க.

அரிதான நோய், கண்டுபிடிக்கிறது கஷ்டம்னு அந்த டாக்டரே சொன்னாங்க. சரி. ஆனா முதல் மையத்தோட ரிப்போர்ட்லயே 'ஸ்கோப் உள்ளே நுழைய அழுத்தம் தேவைப்பட்டது'ன்னு இருக்கே! சாதாரண அக்கலேசியான்னா லேசா தள்ளினா வழி விட்டுடுமாம். விடலைன்னா சந்தேகப்படணுமாம். எடைன்னு போட்ட கட்டம் காலி. பயாப்ஸிக்கு (சதை எடுத்துப் பார்க்கிறதுக்கு) நேரா 'இல்லை'. பணத்தைக் கேட்டா, "சிகிச்சை கொடுத்தாச்சு, திருப்பித் தர முடியாது". 4,200 வெள்ளி போனது போகட்டும், போன மாசங்களை யார் தருவா?

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். காலையில கீமோ பத்திப் பேச வரச் சொல்லியிருக்காங்க, அதனால சுருக்கமா சொல்றேன். 55 வயசுக்கு மேல, சில மாசத்துலயே விழுங்க முடியாம போய், உடம்பும் இளைச்சா, அக்கலேசியான்னதும் தலையாட்டாதீங்க. சதை எடுத்தீங்களா, சிடி எடுத்தீங்களான்னு பலூனுக்கு முன்னாடியே கேளுங்க. ரிப்போர்ட் கைக்கு வராம முழுக் காசையும் கட்டாதீங்க.