நோக்கியா என்-810: லினக்ஸ் ஆர்வலருக்குப் பொருந்துமா?

பழைய நோக்கியா என்-810 கையடக்கக் கணினி ஒன்று நல்ல நிலையில் கிடைக்கிறது, வாங்கலாமா என்று லினக்ஸ் ஆர்வலர்கள் சிலர் என்னிடம் அவ்வப்போது கேட்பதுண்டு. அக்கருவியைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கருவி கைக்கு வந்த முதல் மாலையில் அதில் எதைத் திறப்பீர்கள்? உலாவியைத் திறப்பேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலைத் திறப்பேன் என்பவரிடம் மேற்கொண்டு பேச நிறைய இருக்கிறது. இந்த மதிப்புரை அவருக்காகவே எழுதப்படுகிறது.

2005 நவம்பரில் விற்பனைக்கு வந்த 770, 2007 ஜனவரியில் அறிமுகமான என்-800, அதே ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்ட என்-810 ஆகிய மூன்றையும் நோக்கியா 'இன்டர்நெட் டேப்லெட்' என்ற பெயரில் விற்றது. மூன்றிலும் சிம் கார்டுக்கு இடமில்லை; வைஃபை வழியாகவோ, புளூடூத்தில் இணைத்த கைப்பேசி வழியாகவோதான் இணையத்தை எட்ட முடியும். ஆர்வலர்களை இக்கருவிகளின் பக்கம் இழுத்தது மேமோ என்ற இயங்குதளம். அது டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டை அடித்தளமாகக் கொண்டது. மேசைக்கணினியில் நாம் பழகிய திரையில் சாளரங்களைக் காட்டும் அதே எக்ஸ் சர்வர், பொத்தான்களையும் பட்டியல்களையும் வரையும் அதே ஜிடிகே நூலகம், மென்பொருளை நிறுவும் அதே டெப் பொதிகள் இதிலும் உள்ளன, அவற்றின் மேல் சிறு திரைக்கென்று ஹில்டன் என்ற இடைமுகம் போர்த்தப்பட்டிருக்கிறது. பொதிகளை இறக்கி நிறுவும் ஆப்ட்-கெட் கட்டளையை உள்ளங்கையில் அடங்கும் கருவியில் தட்டச்சு செய்து, பொதிகள் ஒவ்வொன்றாக இறங்குவதை முதன்முறை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

திரையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 4.13 அங்குல அளவுக்குள் 800க்கு 480 புள்ளிகள் அடங்கியிருப்பதால், அங்குலத்துக்குச் சுமார் 225 புள்ளிகள் என்ற அடர்த்தி கிடைக்கிறது. அதே 2007ஆம் ஆண்டில் வந்த முதல் ஐபோனின் திரை 480க்கு 320 புள்ளிகளே கொண்டது என்பதை நினைத்துப் பார்த்தால், இரண்டரை மடங்கு புள்ளிகளை அன்றே இக்கருவி தந்தது புரியும். டெர்மினலில் எண்பது எழுத்து அகலமுள்ள வரி மடங்காமல் முழுதாகத் தெரிகிறது. எழுத்துகளும் கண்ணை வருத்துவதில்லை. என்-810இன் திரை வெளியொளியைப் பின்னுக்குத் திருப்பி அனுப்பும் வகையைச் சேர்ந்தது என்பதால், நண்பகல் வெயிலில் திறந்த வெளியில் உட்கார்ந்து, பின்னொளியை அடியோடு குறைத்துவிட்டு, எஃப்பிரீடர் செயலியில் நீண்ட கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். வண்ணங்கள் வெளிறித்தான் தெரியும். ஆனால் எழுத்து அச்சடித்தது போல நிற்கும். தொடுதிரை அழுத்தத்தை உணரும் வகை. விரல் நுனியால் வருடிப் பழகியவர்களுக்கு இது முதலில் எரிச்சலூட்டும். நகத்தாலோ, கருவியின் மூலையில் செருகியிருக்கும் ஸ்டைலஸ் என்ற எழுதுகோலாலோ சற்று அழுத்தித் தொட வேண்டும். அப்படிப் பழகிவிட்டால், சிறு பொத்தான்களையும் குறி தவறாமல் தொட முடிவது இதன் நன்மை.

திரையைக் கட்டைவிரலால் மேல்நோக்கித் தள்ளினால் அடியிலிருந்து விசைப்பலகை வெளிப்படுகிறது. என்-800இல் இல்லாத இந்த வசதிக்காகவே பலர் என்-810ஐ நாடுகிறார்கள், நானும் அப்படித்தான் வாங்கினேன். விசைகள் தட்டையாகவும் கெட்டியாகவும் உள்ளன. மேல் வரிசை திரையின் விளிம்புக்கு மிக அருகில் அமைந்திருப்பதால் அங்கே கட்டைவிரல் இடிக்கும். எண்களுக்குத் தனி வரிசை கிடையாது, செயல் விசையை அழுத்திக்கொண்டுதான் எண்களை இட வேண்டும். டேப் போன்ற விசைகளுக்கு டெர்மினலின் அடியில் உள்ள கருவிப்பட்டையைத் தொட வேண்டியிருக்கிறது. விம் எடிட்டரில் ஓர் அமைவுக் கோப்பைத் திருத்துவதற்கும், பைத்தான் நிரல்மொழியில் இருபது முப்பது வரி எழுதுவதற்கும் இது போதும். அதற்கு மேல் எழுத வேண்டுமென்றால் புளூடூத் விசைப்பலகையை இணைத்துக்கொண்டு, கருவியின் பின்புறம் விரியும் தாங்கியில் அதை மேசைமேல் நிறுத்திவிடுவேன். அப்படி நிறுத்திய நிலையில், 226 கிராம் எடையுள்ள இக்கருவி ஒரு முழுக் கணினியாகவே மாறிவிடுகிறது.

தொலைவில் உள்ள சர்வரில் எஸ்எஸ்ஹெச் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாக நுழைந்து வேலை பார்ப்பதற்காகவே இதை வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேமோவுக்கென்று பொதி செய்யப்பட்ட ஓபன்எஸ்எஸ்ஹெச் (அந்த இணைப்புக்கான மென்பொருள்) அக்காலத்தியது. 2021இல் வெளிவந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8 முதல், அடையாளத்தை உறுதிசெய்யும், எஸ்ஹெச்ஏ-1ஐச் சார்ந்த பழைய ஆர்எஸ்ஏ மின்கையொப்பங்கள் இயல்புநிலையில் நிறுத்தப்பட்டுவிட்டதால், இன்றைய சர்வர் இக்கருவியோடு கைகுலுக்க மறுத்துவிடும். இணையத்தில் திறந்து கிடக்கும் சர்வரில் பழைய முறையை மீண்டும் அனுமதிப்பது தவறு, அதைச் செய்யாதீர்கள். வீட்டின் உள்வலையமைப்பில் மட்டும் இயங்கும் ஒரு சிறு கணினியில் பழைய முறைகளை அனுமதித்து, அங்கிருந்து மற்ற சர்வர்களுக்குப் போவதே நான் கையாளும் வழி. பொறுமையுள்ளவர்கள் புதிய பதிப்பொன்றைத் தாங்களே தொகுத்தும் கொள்ளலாம், அந்த வேலையே ஒரு நல்ல பயிற்சி.

கருவி உண்மையிலேயே நம் கைக்குள் இருக்கிறதா என்பதுதான் ஆர்வலர் கேட்க வேண்டிய பெரிய கேள்வி. அதில் என்-810 பெருமளவு தேறுகிறது. கருவியை முழுதாக ஆளும் ரூட் உரிமையைப் பெற எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை, ஒரு சிறு பொதியை நிறுவினால் போதும். மூலக் கோப்பு முறைமையை அப்படியே மெமரி கார்டுக்கு நகலெடுத்து, அங்கிருந்தே கருவியைத் தொடங்கச் செய்யலாம். உள்நினைவகம் தரவைச் சுருக்கி எழுதி, படிக்கும்போது விரிக்கும் ஜேஎஃப்எஃப்எஸ்2 கோப்பு முறையில் இருப்பதால், கார்டிலிருந்து தொடங்கும்போது கருவி விரைவாகவே இயங்குகிறது. ஒருமுறை தொடக்க நிரல்கள் இருக்கும் கோப்பொன்றைக் கவனமின்றித் திருத்திவிட்டேன்; கருவி தொடங்கிய மறுகணமே அணைந்து, மீண்டும் தொடங்கி, மீண்டும் அணைந்தது. யுஎஸ்பி கம்பியால் லினக்ஸ் கணினியோடு இணைத்து, ஃப்ளாஷர் என்ற கட்டளைக் கருவியால் ஃபர்ம்வேரை (கருவியின் அடிப்படை மென்பொருளை) மீண்டும் ஏற்றியதும் சில நிமிடங்களில் பிழைத்துக்கொண்டது. நகலெடுத்து வைக்காத என் குறிப்புகள் சில அதோடு போய்விட்டன, அது என் தவறு. இப்படித் துணிந்து கிளறிப் பார்க்கலாம், கெட்டாலும் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையைத் தரும் கையடக்கக் கருவிகள் மிகக் குறைவு.

ஆயினும் முழுச் சுதந்திரம் இதில் இல்லை. வைஃபை இயக்கியின் (வன்பொருளை இயக்கும் நிரலின்) ஒரு பகுதி, மூலம் வெளியிடப்படாத மூடிய நிரலாகவே வந்தது. பேட்டரிக்கு மின்னேற்றும் நிரலும் அப்படியே. இறுதி மேமோ பதிப்புகள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.21 பதிப்பிலேயே நின்றுவிட்டன. இதன் விளைவை நடைமுறையில் உணரலாம். மெமரி கார்டில் டெபியனின் ஆர்ம் பதிப்பை (இவ்வகைச் சிப்புகளுக்கான பதிப்பை) வைத்து, மேமோவின் கெர்னல்மேலேயே தனிக் கோப்புறைக்குள் ஓட்டும் க்ரூட் முறையில் இயக்குவது அக்காலத்தில் பலரும் விரும்பிச் செய்த வேலை. ஆனால் நிரல்கள் எல்லாம் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2016இல் வெளிவந்த 2.24 பதிப்பு, ஆர்ம் கருவிகளில் குறைந்தது 3.2 கெர்னலைக் கேட்பதால், புதிய டெபியனை அப்படியே அதன்மேல் ஏற்ற முடியாது, பழைய பதிப்பே கதி. பொதுக் கெர்னல் மூலத்தில் இக்கருவிக்கென்று குறிநிரல் சேர்க்கப்பட்டது என்பதும், பி54எஸ்பிஐ என்ற திறந்த வைஃபை இயக்கி பின்னர் அங்கே இடம்பெற்றது என்பதும் ஆறுதல் தருபவை. எனினும் அந்த வழியில் போகிறவர், மின்னேற்றம் முதலான அன்றாடத் தேவைகளைத் தாமே தீர்த்துக்கொள்ள வேண்டும். கெர்னல் பணியில் ஆர்வமுள்ளவருக்கு அது விருந்து, மற்றவருக்குத் தலைவலி.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 400 மெகாஹெர்ட்ஸ் ஓமாப் 2420 சிப்பும் 128 எம்பி ரேமும் டெர்மினல், மின்னூல், இசை ஆகியவற்றுக்குத் தாராளம்; கட்டுப்பாட்டுப் பகுதியில் மெமரி கார்டை மெய்நிகர் நினைவகமாக அமைத்துக்கொண்டால் இன்னும் இரண்டு சாளரங்களைத் திறந்து வைக்கலாம். சிப்புக்குள் முப்பரிமாணக் கிராஃபிக்ஸ் பகுதி இருந்தும் மேமோவில் அதற்கு இயக்கி இல்லாததால், அவ்வகை விளையாட்டுகளை மறந்துவிட வேண்டும். வீடியோவை 400க்கு 240 அளவுக்கு மாற்றிக்கொண்டால் தடையின்றி ஓடும். மொஸில்லாவை அடிப்படையாகக் கொண்ட இதன் மைக்ரோபி உலாவி அன்று மேசைக்கணினிக்கு உரிய பக்கங்களை அப்படியே காட்டியது. இன்றைய தளங்கள் பாதுகாப்பான இணைப்புக்குக் கேட்கும் டிஎல்எஸ் 1.2 நெறிமுறை அதில் இல்லை என்பதால், பெரும்பாலான பக்கங்கள் திறக்கவே மாட்டா. பெயரில் இன்டர்நெட் இருந்தும் இன்று இதன் பலவீனமான பகுதி அதுவே.

ஜிபிஎஸ் வசதி உள்ளே உண்டு. முதன்முறை செயற்கைக்கோள்களைப் பிடிக்கப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும் என்பதால், நடக்கத் தொடங்குவதற்கு வெகுமுன்பே அதை இயக்கிவிடுவது நல்லது. கேமரா வீடியோ அழைப்புக்கென வைத்தது, இன்று பயனில்லை. சேமிப்பிடத்தில் என்-800 மேலானது: முழு அளவு எஸ்டி கார்டுகள் இரண்டை அது ஏற்கும், எஃப்எம் வானொலியும் அதில் உண்டு. என்-810இல் 2 ஜிபி உள்நினைவகமும் ஒரே ஒரு மினிஎஸ்டி துளையும்தான். மினிஎஸ்டி கார்டுகள் அரிதாகிவிட்டதால், மைக்ரோஎஸ்டி கார்டை அடாப்டரில் செருகிப் பயன்படுத்துகிறேன். படிப்பதும் பாட்டுக் கேட்பதும் போதும் என்பவர் என்-800ஐ எடுத்துக்கொள்ளலாம், தட்டச்சு செய்பவர் என்-810ஐ விட்டு விலக வேண்டாம்.

வாங்க முடிவு செய்துவிட்டால், பேட்டரியில் கவனம் தேவை. இதில் பயன்படும் பிபி-4எல் பேட்டரியின் கொள்ளளவு 1500 மில்லி ஆம்பியர் மணி. தொடர்ந்து இணையத்தைப் பயன்படுத்தினால் நான்கு மணி நேரம் வரை தாங்கும் என்று அன்று அறிவிக்கப்பட்டது. பின்மூடியைக் கழற்றி நாமே மாற்றிக்கொள்ளக்கூடியது என்பது பெரிய நன்மை என்றாலும், பெயரில்லாத ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கிய மாற்றுப் பேட்டரி ஆறு மாதங்களில் உப்பி, மூடியைத் தூக்கிவிட்டது. ஆகவே கையில் எடுத்துப் பார்த்து, சமதளமான மேசைமேல் வைத்து, ஆடுகிறதா என்று சோதித்த பிறகே பணம் கொடுங்கள். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறையை மட்டும் அனுமதிக்கும் ரௌட்டரோடு இணையாது என்பதால், ரௌட்டரின் அமைப்பையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். விற்பவர் அனுமதித்தால் திரையை நான்கைந்து முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, குறிப்பேடு செயலியைத் திறந்து எல்லா விசைகளையும் வரிசையாக அழுத்துங்கள். எழுத்துகள் விழாத விசை ஒன்றுக்கு மேல் இருந்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தக் கருவியை வைத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருங்கள்.